நாலாயிரம் ரூபாய்ச் சீட்டு

சென்ற பங்குனியிலே ஒருநாள் பேரணாம்பட்டுக்குப் போயிருந்தோம். ஆம்பூரில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, ஊர் நெருங்கும்போதே தோலின் வாடை வந்து வரவேற்றது. புதிதாக வருகிறவர் மூக்கைப் பிடிப்பார். ஊர்க்காரருக்கோ அது சோற்றின் வாடை! டேனரியிலே சுண்ணாம்புத் தொட்டியருகே நிற்பவர், ஷூ கம்பெனியிலே அப்பர் தைப்பவர், திண்ணையிலே அமர்ந்து பீடி சுற்றுபவர், இப்படிப்பட்ட உழைப்பாளிகளால் ஆன ஊர் அது. தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே தெருவிலே கேட்கும்.

நாம் தேடிச் சென்ற தோழரின் தெருவிலே நான்கு வாசல்களில் வேப்பிலை செருகியிருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டோம்.

"விசேஷம் ஒண்ணும் இல்லீங்கண்ணே. பசங்களுக்கு அம்மா வார்த்திருக்கு. நம்ம வீட்டுக்கு இன்னும் வரலை" என்றார் தோழர்.

தேநீர் வந்தது. தேநீரோடு ஒரு சீட்டும் வந்தது. சுவர்க் கடிகாரத்தின் பின்னால் செருகி வைத்திருந்த மருந்துச் சீட்டு. அவருடைய நான்கு வயது மகளைக் காய்ச்சலுக்காகத் தனியார் மருத்துவரிடம் காட்டியபோது, சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டுக்கொள்ளும்படி அவர் எழுதிக் கொடுத்தது. ஒரு தவணைக்குச் சுமார் 2,000 ரூபாய், இரண்டுக்குமாக 4,000.

"கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலே கேட்டேண்ணா. அது நம்ம லிஸ்டிலே இல்லேம்மான்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. போடணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க" என்றார் அவர் துணைவியார். ஷூ கம்பெனியிலே வேலை செய்பவர் அவர்.

உள்ளேயிருந்து தோழரின் தாயார் குரல் கொடுத்தார்: "எங்க காலத்துலே எந்த ஊசி இருந்துச்சு? அம்மா வருவா, விளையாடுவா, தண்ணி ஊத்துனா இறங்கிப் போயிடுவா."

அப்படிச் சொல்லிக்கொண்டே வந்து வாசற்படியிலே உட்கார்ந்தார் அந்த மூதாட்டி. முந்தானை சற்றே விலக, அவருடைய மேற்கையிலே இரண்டு வட்டத் தழும்புகள் தெரிந்தன. பெரியம்மைக்குக் குத்திய தழும்புகள்! 'எந்த ஊசி இருந்தது' என்று கேட்ட அம்மையாரின் கையிலேயே பதில் எழுதியிருந்தது. நாம் அதைச் சுட்டிக் காட்டவில்லை, வயதில் மூத்தவர். ஆனால் அன்று முழுவதும் அந்தத் தழும்பு நம் மனத்தை விட்டு அகலவில்லை.

போடலாமா, வேண்டாமா? தமிழ்நாட்டிலே ஆயிரக்கணக்கான வீடுகளிலே பெற்றோர் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. அந்த வீட்டிலே நாம் சொன்ன பதிலையும், அங்கே சொல்லாமல் மனத்திலே சுமந்து வந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலிலே நோயைப் பற்றி. சின்னம்மையை உண்டாக்குவது ஒரு வைரஸ். பெரியம்மையின் பெயரோடு ஒட்டி வந்ததாலே அதன் தங்கை என்று எண்ணிவிட்டோம். உண்மையிலே இரண்டுக்கும் உறவே கிடையாது. சின்னம்மை வைரஸ், வாயோரத்திலே கொப்புளம் போடும் ஹெர்ப்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை உடலுக்குள் வந்தால் மறுபடி வெளியே போகாது. கொப்புளம் உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, 'அம்மா இறங்கிவிட்டாள்' என்று மகிழ்ந்தோமே, அப்போது அது நரம்பு வேர்களிலே போய்ப் படுத்துக்கொள்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகள் தூங்கிவிட்டு, முதுமையிலோ உடல் தளர்ந்தபோதோ விழித்தெழுந்து, விலாவிலும் முதுகிலும் ஒருபக்கமாக எரியும் கொப்புளமாக வரும். அதைத்தான் அக்கி என்கிறோம். குயவர் வீட்டுக்குப் போய்க் காவிக் குழம்பாலே அக்கி எழுதிக்கொள்வது நம் நாட்டு வழக்கம். சிறு வயதிலே வந்த விருந்தாளிதான் முதுமையிலே மறுபடி வாடகை கேட்கிறான் என்பது எழுதுகிறவருக்கும் தெரியாது, எழுதிக்கொள்கிறவருக்கும் தெரியாது.

தொற்றுவதிலே சின்னம்மை பெரிய கெட்டிக்காரன். வீட்டிலே ஒருவருக்கு வந்தால், இதுவரை வராத மற்றவர்களிலே பத்துக்கு ஒன்பது பேர் வரை தொற்றிவிடும். தொற்றியபின் 10 நாள் முதல் 21 நாள் வரை ஒன்றும் தெரியாது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

வாசலிலே வேப்பிலை செருகுவதை நாம் ஏளனம் செய்யப் போவதில்லை. பகுத்தறிவு பேசுகிறவர்கள் வேப்பிலையைக் கண்டதும் சீறவேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பர்! அந்த வேப்பிலை, 'இந்த வீட்டிலே நோய் இருக்கிறது, உள்ளே வராதீர்' என்று எழுத்தறியாத காலத்திலே எழுதிய அறிவிப்புப் பலகை. விருந்தாளி வராமல் தடுத்தது. பிள்ளையைத் தனியே படுக்க வைத்தது. இளநீரும் கூழும் கொடுத்தது. இவையெல்லாம் நல்லவையே. வந்த குறை ஒன்றுதான்: வேப்பிலை செருகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே நோய் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. பலகை மாட்டுவதற்குள் திருடன் தெருவைத் தாண்டிவிடுகிறான்.

ஏளனம் செய்யமாட்டோம், கண்டிக்கவேண்டிய ஒன்றைக் கண்டிக்காமலும் இருக்கமாட்டோம். 'அம்மை கண்ட வீட்டிலே மருந்து கொடுத்தால் அம்மாவுக்குக் கோபம் வரும்' என்ற எண்ணம் இருக்கிறதே, அது ஆளைக் கொல்லும். மூச்சு வாங்குகிறது, பிள்ளை தள்ளாடுகிறது, சுயநினைவு தடுமாறுகிறது, கொப்புளம் சீழ் பிடித்துச் சுற்றிலும் சிவந்து வீங்குகிறது, காய்ச்சல் நாலு நாளைக்கு மேலும் இறங்கவில்லை என்றால் அந்த நிமிடமே மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். பெரியவர்களுக்கும் கடுமையாகக் கண்டவர்களுக்கும் கொடுக்க வைரஸை அடக்கும் மாத்திரை இருக்கிறது. முதல் நாளிலேயே தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் கொடிய விளைவு அதனால் வரக்கூடும்.

'சின்னம்மைதானே, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்' என்ற அலட்சியம் எங்கிருந்து வந்தது? அக்காவோடு ஒப்பிட்டதாலே வந்தது. பெரியம்மை கண்டவர்களிலே ஏறக்குறைய மூவரில் ஒருவரை அது கொண்டுபோயிற்று; பிழைத்தவரிலே பலரின் கண்ணைக் கொண்டுபோயிற்று. அதன் பக்கத்திலே நிறுத்தினால் எதுதான் சின்னதாகத் தெரியாது? 1796இல் ஜென்னர் கண்ட அம்மைப்பால் 1802இல் இந்தியாவுக்கு வந்தது. அப்போதும் மக்கள் தயங்கினார்கள். சென்னையிலே கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, திருக்குறளிலே ஈடுபட்டு மொழிபெயர்த்த அதே எல்லிஸ், மக்களின் தயக்கத்தைப் போக்க ஒரு யுக்தி செய்தார். தன்வந்திரியும் சக்தியும் உரையாடுவதுபோலவும், பசுவின் அம்மைப்பாலைத் தேவியே மக்களுக்கு அருளியதுபோலவும் தமிழிலே ஒரு கதை எழுதினார்! அம்மனைக் காட்டி ஊசிக்கு அஞ்சினாயா? அம்மனே ஊசி கொடுத்தாள், வாங்கிக்கொள் என்றார். கெட்டிக்காரத்தனம் என்று ஒப்புக்கொள்கிறோம். மக்களிடம் உண்மையைச் சொல்லியே ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்று நம்புகிறவர்கள் நாம். அதனாலே அந்த யுக்தியை முழுமனத்தோடு பாராட்ட முடியவில்லை.

பின்னர் 1899இல் கிண்டியிலே தொடங்கப்பட்ட நிலையம், இன்று கிங் நிலையம் என்று நாம் அறிவது, அம்மைப்பாலை இந்த மாகாணத்துக்குத் தயாரித்துக் கொடுத்தது. அது கன்றின் தோலிலே வளர்க்கப்பட்ட மருந்து. தோலை நம்பி வாழும் பேரணாம்பட்டுக்காரர் இதைக் கேட்டால் புன்னகை செய்வார். ஊர் ஊராக அம்மை குத்துகிறவர் போனார். பிள்ளைகள் வைக்கோற்போரிலே ஒளிந்தன. தாய்மார் கதவைச் சாத்தினர். குத்துகிறவர் திரும்பத் திரும்ப வந்தார். கட்டணம் கேட்கவில்லை; 'உன் வசதி எப்படி' என்று கேட்கவில்லை. 1975இலே பெரியம்மை கண்டவரைக் காட்டிக் கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு என்றுகூட அரசு அறிவித்தது. அந்த ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவிலே பெரியம்மை ஒழிந்தது. 1980இலே உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மூதாட்டியின் கையிலே உள்ள தழும்பு அந்த வெற்றியின் முத்திரை. அந்தத் தழும்புக்கு அவர் வீட்டார் ஒரு காசு கொடுத்திருக்கமாட்டார்கள்.

அக்கா போனாள், தங்கை என்று பெயர் பெற்றவள் தங்கிவிட்டாள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் அரிப்பும் காய்ச்சலுமாக அது போய்விடும் என்பது மெய். எல்லோருக்கும் அப்படிப் போவதில்லை என்பதும் மெய். அமெரிக்காவிலே ஊசி வருமுன், ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை கண்டது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மருத்துவமனையிலே படுத்தார்கள். நூறு முதல் நூற்றைம்பது பேர் இறந்தார்கள். சத்தான உணவும் சிறந்த மருத்துவமனையும் உள்ள நாட்டிலே இது! வயது ஏற ஏற நோய் கடுமையாகும். பெரியவருக்கு வந்தால் நுரையீரலைத் தாக்கும். சிறு பிள்ளையைவிடப் பெரியவர் இறக்கும் வாய்ப்பு இருபது மடங்குக்கு மேல். கருவுற்ற தாய்க்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, கருவுக்கும் ஆபத்து. பிரசவ நாளை ஒட்டி வந்தால் பிறக்கும் சிசுவின் உயிருக்கே ஆபத்து. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். குளிர் நாடுகளிலே பள்ளிப் பருவத்துக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்து போய்விடும் இந்த நோய், நம்மைப் போன்ற வெப்ப நாடுகளிலே பலரை விட்டுவைத்துப் பிந்தி வந்து பிடிக்கிறது. இருபது வயதிலே, திருமணமான புதிதிலே, வேலைக்குச் சேர்ந்த மாதத்திலே அம்மை கண்டவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

ஊசியைக் கண்டுபிடித்தவர் கதையை அந்த வீட்டிலே சொன்னபோது, தோழரின் துணைவியார் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஜப்பான் நாட்டு மருத்துவர் மிச்சியாக்கி தாக்காஹாஷி. 1964இலே ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே இருந்தார். அவருடைய மூன்று வயது மகனுக்கு விளையாட்டுத் தோழன் ஒருவனிடமிருந்து சின்னம்மை தொற்றிற்று. உடலெங்கும் கொப்புளம், கடுங்காய்ச்சல், மூச்சுத் திணறல். வைரஸ்களைப் பற்றி ஆராய்கிற தகப்பன், தன் பிள்ளையின் படுக்கையருகே ஒன்றும் செய்ய இயலாமல் இரவெல்லாம் விழித்துக் கிடந்தார். பிள்ளை பிழைத்தது. அந்த இரவை அவர் மறக்கவில்லை. நாடு திரும்பி, சின்னம்மை கண்ட ஓர் ஜப்பானியச் சிறுவனின் கொப்புளத்திலிருந்து வைரஸை எடுத்து, உயிரணுக்களிலே மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் நஞ்சை அடக்கினார். அந்தச் சிறுவனின் குடும்பப் பெயர் ஓக்கா. 1974இலே ஊசி உருவாயிற்று. இன்று உலகமெங்கும் போடப்படும் சின்னம்மை ஊசிகளிலே பெரும்பாலானவற்றில் இருப்பது அந்த ஓக்கா வைரஸின் வழித்தோன்றல்தான்.

நாம் கூறப்போகும் வழக்கின் உயிர்நாடி அந்தக் கதையின் பிற்பகுதியிலே இருக்கிறது.

1986இலே ஜப்பான் அரசு ஊசிக்கு அனுமதி அளித்தது. அனுமதி அளித்ததே தவிர, கட்டாயப் பட்டியலிலே சேர்க்கவில்லை. 'விரும்பும் பெற்றோர், தம் பணத்திலே போட்டுக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டது. ஊசியைப் பெற்றெடுத்த நாடு. செல்வம் மிகுந்த நாடு. எழுத்தறியாதோர் இல்லாத நாடு. அங்கே எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டார்கள்? நூற்றுக்கு முப்பது, நாற்பது என்ற அளவிலேயே ஆண்டுக்கணக்காக நின்றது. நோயும் ஆண்டுதோறும் வந்தபடியே இருந்தது. 1995இலே ஊசியை ஏற்று எல்லாப் பிள்ளைகளுக்கும் போட ஆரம்பித்த அமெரிக்காவிலோ நோய் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வீழ்ந்தது. கண்டுபிடித்தவன் வீட்டிலே இருட்டு; பக்கத்து வீட்டிலே விளக்கு! கடைசியாக 2014 அக்டோபரிலேதான் ஜப்பான் தன் பொதுப் பட்டியலிலே ஊசியைச் சேர்த்து, இரண்டு தவணை போட ஏற்பாடு செய்தது. அதன்பின் நோய் மளமளவென்று குறைந்தது. தாக்காஹாஷி அதைப் பார்க்கவில்லை. 2013 டிசம்பரிலே அவர் மறைந்துவிட்டார்.

ஜப்பானியப் பெற்றோருக்கு அறிவு இல்லையா, அன்பு இல்லையா? இரண்டும் இருந்தன. 'நீயே முடிவு செய்துகொள், நீயே பணம் கட்டிக்கொள்' என்று அரசு ஒதுங்கினால், படித்த நாட்டிலே நடப்பதே அதுதான். பேரணாம்பட்டிலே என்ன நடக்கும்?

நடப்பதைச் சொல்கிறோம். தாய் ஷூ கம்பெனிக்குப் போகிறார். பிள்ளைக்கு அம்மை வார்த்தால் தாய் எட்டு நாள் வீட்டிலே இருந்தாகவேண்டும். அடுத்து இரண்டாவது பிள்ளைக்குக் காணும். இன்னொரு எட்டு நாள். ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். பிள்ளைக்கு அங்கே சிகிச்சை உண்டு. நோய்க்கால உதவித்தொகையோ, தொழிலாளி தானே நோயில் விழுந்தால்தான். பிள்ளை நோயுற்றதற்காக வீட்டிலிருந்த தாய்க்கு அது வராது. பீடி சுற்றும் பெண்ணும், வீட்டிலே அப்பர் தைக்கும் பெண்ணும் எண்ணிக்கைக் கூலிக்காரர்கள். எண்ணிக்கை இல்லையேல் கூலி இல்லை. 'சாதாரண நோய்' என்று யார் பெயர் வைத்தார்கள்? ஒருவாரம் வேலைக்குப் போகாவிட்டாலும் சம்பளம் வாங்குகிறவர்கள் வைத்த பெயராக இருக்கவேண்டும்.

ஊசி போட்டுவிடலாம் என்றால் 4,000 ரூபாய். இரண்டு பிள்ளை என்றால் 8,000. மாத வாடகையும் சீட்டுப் பணமும் போக மிஞ்சுவதிலே இது எங்கே அடங்கும்? ஆகவே, 'போடலாமா, வேண்டாமா' என்று அந்தத் தாய் கேட்டது அறிவுக்குறைவால் எழுந்த ஐயமன்று. காசு இருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

நாம் சொன்னோம்: "தங்கச்சி, முடியுமானால் போடுங்கள்." காரணத்தையும் சொன்னோம். இரண்டு தவணை போட்ட பிள்ளைகளிலே பத்துக்கு ஒன்பது பேருக்கு நோய் வராது. வந்தாலும் சில பத்துக் கொப்புளத்தோடு லேசாகப் போய்விடும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகமும் இரண்டு தவணை போடும்படியே பரிந்துரைக்கிறது: 15 மாதத்திலே முதல் தவணை, சில மாதம் கழித்தோ நான்கிலிருந்து ஆறு வயதுக்குள்ளோ அடுத்தது. தப்பிவிட்ட பிள்ளைக்குப் பின்னரும் போடலாம். குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும். அண்டையிலே அம்மை கண்டு, தம் பிள்ளை அங்கே விளையாடிய மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளுக்குள் போட்டாலும் பயன் உண்டு. ஊசி போட்ட இடத்திலே வலி, லேசான காய்ச்சல், சிலருக்கு நாலைந்து கொப்புளம், அவ்வளவே பெரும்பாலும். உயிருள்ள வைரஸ் ஆதலால் கருவுற்றவருக்குப் போடக்கூடாது. புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், நோய் எதிர்ப்பு ஆற்றல் வெகுவாகக் குன்றியோர் ஆகியோருக்கும் போடக்கூடாது. இவர்களைக் காப்பாற்ற ஒரே வழி, இவர்களைச் சுற்றியுள்ள மற்றவர்களுக்குப் போடுவதுதான். பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியைக் காப்பது உன் வீட்டுப் பிள்ளையின் ஊசி!

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பாய் ஒரு கேள்வி கேட்டார். "தடுப்பூசியிலே பன்றி சாமான் இருக்குன்னு சொல்றாங்களே, நெஜமா?" நேர்மையான கேள்வி. 2017இலே தட்டம்மை, ரூபெல்லா ஊசி தமிழ்நாட்டுப் பள்ளிகளிலே போடப்பட்டபோது வாட்ஸ்அப்பிலே புறப்பட்ட வதந்திகள் கொஞ்சமா? அவற்றால் பெற்றோர் அஞ்சி, போடும் காலத்தையே நீட்டிக்க நேர்ந்தது. வதந்தியை ஒழிக்கும் வழி, கேள்வி கேட்டவரை முட்டாள் என்பதன்று. ஆகவே உள்ளதைச் சொன்னோம். சில கம்பெனிகளின் சின்னம்மை ஊசியிலே, மருந்து கெடாமல் இருக்கப் பன்றியிலிருந்து எடுத்து மாற்றிய ஜெலட்டின் சேர்க்கிறார்கள். வேறு சில ஊசிகளிலே அது கிடையாது. மருத்துவரிடம் கேட்டு அப்படிப்பட்டதையே போட்டுக்கொள்ளலாம். தவிர, உருமாறிய ஜெலட்டின் ஆகுமானதே என்று 1995இலே குவைத்திலே கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கு முடிவு கூறியிருக்கிறது. பாய் சிரித்தார். தோலிலிருந்து வஜ்ஜிரம் காய்ச்சும் ஊர்க்காரருக்கு ஜெலட்டின் என்ன என்று நாமா சொல்லித்தரவேண்டும்!

அந்த வீட்டிலே நாம் சொல்லாமல் வந்தது இனிமேல்தான்.

வசதியுள்ளவர் மட்டும் தம் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஊரிலே என்ன ஆகும்? நோயின் நடமாட்டம் கொஞ்சம் குறையும், நிற்காது. குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் சூட்சுமம். ஊசி போடாத பிள்ளைக்கு ஐந்து வயதிலே வரவேண்டியது, நடமாட்டம் குறைந்ததாலே தள்ளிப்போய்ப் பதினைந்திலே, இருபத்தைந்திலே வரும். வயது ஏறினால் கடுமையும் ஏறும் என்று மேலே கண்டோம். அதாவது, பணக்கார வீட்டுப் பிள்ளை தப்பிக்க, ஏழை வீட்டுப் பிள்ளையின் நோய் கர்ப்பகாலத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது! இது நம் கற்பனையன்று. உலக சுகாதார நிறுவனமே இந்த ஆபத்தை எடுத்துக்காட்டி, ஊசியைப் பொதுத் திட்டத்திலே சேர்க்கும் நாடு நூற்றுக்கு 80 பிள்ளைகளுக்காவது தொடர்ந்து போடவேண்டும், அரைகுறையாகப் போடக்கூடாது என்று எச்சரித்திருக்கிறது. நம் நாட்டிலே பொதுத் திட்டம் இல்லை. கடைத் திட்டம் இருக்கிறது. அரைகுறைக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

தம் பிள்ளைக்குப் போட்ட பெற்றோர்மீது நமக்குக் கோபமில்லை. அவர்கள் செய்தது சரி. அவர்களையும் போடமுடியாதவர்களையும் இப்படி எதிரெதிரே நிறுத்திவைத்த ஏற்பாட்டின் மீதுதான் கோபம்.

ஆட்சியாளர் தரப்பிலே சொல்லப்படும் சமாதானங்களையும் கேட்போம். தட்டம்மையும் நிமோனியாவும் சின்னம்மையைவிட அதிகம் பேரைக் கொல்கின்றன. பணத்தை முதலிலே அவற்றுக்குச் செலவிடவேண்டும் என்பார்கள். நியாயமான வாதம்; மறுக்கமாட்டோம். ஆனால் அந்த 'முதலிலே' முடிந்துவிட்டதே! ஐந்து நோய்களுக்கான ஊசி 2011இலேயே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதன்முதலாகத் தொடங்கியது. நிமோனியாவைத் தடுக்கும் ஊசி, தனியார் மருத்துவமனைகளிலே ஆயிரக்கணக்கிலே விற்றது, 2021இலே தமிழ்நாட்டிலே இலவசமாயிற்று. 'விலை அதிகம், ஆகவே இயலாது' என்று நேற்றுவரை சொல்லப்பட்டவை, அரசு மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் இயன்றன.

ஊசி எல்லோரையும் எட்டாது என்பார்கள். 2019-21ஆம் ஆண்டு தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 89 பிள்ளைகள் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றிருக்கின்றன. 80 வேண்டும் என்கிறார்கள், 89 இருக்கிறது! புதன்கிழமைதோறும் குளிர்ப்பெட்டியைத் தோளிலே மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிற கிராம சுகாதாரச் செவிலியருக்கு இந்தப் பெருமை. அந்தப் பெட்டியிலே இன்னொரு குப்பிக்கு இடம் இருக்கிறது.

சின்னம்மை குறைந்தால் முதியோருக்கு அக்கி கூடும் என்று ஒரு வாதம் உண்டு. அடிக்கடி நோயோடு உரசினால்தான் பெரியவரின் எதிர்ப்பு ஆற்றல் புதுப்பிக்கப்படும் என்பது அதன் அடிப்படை. இங்கிலாந்து நீண்ட காலம் இந்த ஐயத்தாலேயே ஊசியைத் தள்ளிவைத்தது. அமெரிக்காவின் அனுபவத்தைப் பல ஆண்டுகள் பார்த்தபின், அந்த அச்சம் மிகை என்று கண்டு, 2023இலே அங்குள்ள நிபுணர் குழு ஊசியைப் பரிந்துரைத்தது. 2026 ஜனவரி முதல் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுவதாக 2025இலே அரசு அறிவித்தது. ஐயம் இருந்தால் ஆராய்வது அறிவுடைமை. ஆராய்ந்து முடித்தபின்னும் ஐயத்தையே பிடித்துக்கொண்டிருப்பது சோம்பல்.

டில்லிதானே பட்டியல் போடுகிறது, மாநிலம் என்ன செய்யும் என்று இறுதியிலே கைவிரிப்பார்கள். மாநிலம் செய்யும். கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்க 14 வயதுப் பெண்களுக்கு ஊசி போட, 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழ்நாடு அரசு தானே அறிவித்தது. வழி இருக்கிறது, அந்த வழியிலே சின்னம்மையையும் நடத்திச் செல்லக் கேட்கிறோம். ஒரே நாளிலே மாநிலம் முழுவதும் என்று அடம் பிடிக்கவில்லை. நெருக்கமான தெருக்களும், வேலைக்குப் போகும் தாய்மாரும் மிகுந்த வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களிலே தொடங்கட்டும். வேலூருக்கு இது புதிதுமன்று. இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க, ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே நாளிலே சொட்டு மருந்து கொடுக்கும் முறையை, நாடு 1995இலே தொடங்குவதற்கு முன்பே, 1980களிலேயே செய்து காட்டியது வேலூர்தான். அந்த மண்ணிலே, சி.எம்.சி.யின் வைரஸ் ஆய்வாளர்கள் இருக்கும் இடத்திலே, இதையும் கணக்குப் பார்த்துச் செய்யலாம். தோல் ஏற்றுமதியிலே வரும் அன்னியச் செலாவணியைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தோலைத் தைத்தவளின் பிள்ளைக்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்கத் தெரியாதா?

இதை எழுதுமுன் பேரணாம்பட்டுத் தோழரைத் தொலைபேசியிலே அழைத்தோம். மகளுக்கு முதல் தவணை போட்டாகிவிட்டதாம். சீட்டுப் பிடித்த பணத்திலே 2,000 எடுத்தாராம். அடுத்தது இன்னும் பாக்கி. அதற்கு ஷூ கம்பெனிப் போனஸை எண்ணியிருக்கிறார்கள்.

"பாட்டி என்ன சொல்கிறார்?" என்றோம்.

"ஊசி போட வேணாம்னவங்கதான் அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் புள்ளையத் தூக்கிட்டு வந்தாங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

"தெருவிலே மற்றப் பிள்ளைகளுக்கு?"

"இன்னும் ரெண்டு வீட்டுலே வேப்பிலை கட்டியிருக்காங்க. ஊசி யாரும் போடலை அண்ணே."